வடசென்னைப் படிப்பகங்களில் அமெரிக்க வாழ்க்கையைப் பகிர வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும், அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்தும், அந்தப் பிள்ளைகளின் தமிழறியாத நண்பர்களிடமிருந்தும் வடசென்னைப் படிப்பகங்களுக்கு அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. விடுமுறையில் சில வாரங்கள் சென்னையில் இருக்கப்போவதாகவும், அந்த நாள்களில் இங்குள்ள பிள்ளைகளுக்கு அமெரிக்க வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல விரும்புவதாகவும், அதற்கு என்னென்ன ஆயத்தங்கள் வேண்டும் என்றும் கேட்டு எழுதுகிறார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் மாலை வகுப்புகளைப் பொறுப்பேற்று நடத்துபவர்களில் ஒருவர் என்ற முறையில், அப்படி வந்தவர்களுடன் அமர்ந்து திட்டமிட்டதிலிருந்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா என்ற நாட்டைப் பற்றிய பொதுச் செய்திகள் எங்கள் பிள்ளைகளுக்குக் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. முறையான தகவல் வேண்டுவோருக்கு அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரக வளாகத்தில் அமெரிக்க மையமும் நூலகமும் இருக்கின்றன. ஆகவே 50 மாநிலங்களின் பட்டியலையும் அதிபர்களின் படங்களையும் சுமந்து வர வேண்டியதில்லை. ஓஹையோவின் ஒரு சிற்றூரிலோ நியூ ஜெர்சியின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள், வாடகைக்கு எவ்வளவு போகிறது, பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, பனி கொட்டிய மறுநாள் காலையில் வாசலை யார் வாருகிறார்கள் என்பதையெல்லாம் உங்களைத் தவிர வேறு எவரும் அவர்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஒரு நாட்டின் பிரதிநிதியாக வருபவரைவிட ஒரு தெருவின் மனிதராக வருபவரே இங்கே பயன்படுகிறார் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் எல்லா ஆயத்தங்களும் அதை ஒட்டியவையே.

இடமும் காலமும்

வடசென்னையில் இத்தகைய பகிர்வுக்கு இடம் தரக்கூடிய அமைப்புகள் பலவகைப்படும். அம்பேத்கர், பெரியார், சிங்காரவேலர் ஆகியோரின் பெயர்களில் தெருமுனைகளில் இயங்கும் படிப்பகங்கள், தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் நடத்தும் மாலை வகுப்புகள், வியாசர்பாடியின் கால்பந்துக் குழுக்கள், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்கள், கேரம் மன்றங்கள் ஆகிய எல்லாவற்றிலும் படிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகள் கூடுகிறார்கள். அரசுப் பொது நூலகங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் பேச முன் அனுமதி வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால், குறுகிய விடுமுறையில் வருகிறவர்கள் படிப்பகங்களையே நாடுவது நல்லது. வெளிநாட்டுத் தன்னார்வலர்களை அனுப்பிவைப்பதாகச் சொல்லிப் பெருந்தொகை வாங்கும் இடைநிறுவனங்கள் உண்டு. சென்னையில் உறவோ நட்போ உள்ளவர்களுக்கு அவை தேவையே இல்லை. தெரிந்தவர் ஒருவரை நேரில் அனுப்பிப் பொறுப்பாளரைச் சந்திக்கச் செய்தால் போதும்.

நீங்கள் எழுதும் முதல் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எந்த ஊரில் வாழ்கிறீர்கள், என்ன வேலை அல்லது படிப்பு, தமிழ் எந்த அளவுக்குப் பேச வரும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருப்பீர்கள், வாரத்தில் எத்தனை மாலைகள் தர முடியும் என்பவற்றை எழுதுங்கள். அதே கடிதத்தில் பிள்ளைகளின் வயது என்ன, வகுப்பு நேரத்தில் உடன் இருக்கும் பொறுப்பாளர் யார், அந்த மாதத்தில் அவர்களுக்குத் தேர்வு உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தராத இடத்தைத் தவிர்த்துவிடுங்கள், குறிப்பாக இரண்டாவது கேள்விக்கு.

காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் குலைகின்றன. அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலம் இங்கே பள்ளிகள் மும்முரமாக நடக்கும் காலம். அப்போது வருகிறவர்கள் வார நாள்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரமும், சனி ஞாயிறுகளில் சற்றுக் கூடுதலாகவும் எதிர்பார்க்கலாம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் விடுமுறை பலருக்கும் வசதியாகத் தோன்றும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டமுமாகும். தண்ணீர் தேங்கும் பகுதிகளில் வகுப்பு நடக்கும் அறையே நிவாரணப் பொருள் வைக்கும் அறையாக மாறுவது உண்டு. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை எதற்காகவும் அழைக்கக் கூடாது. காசிமேட்டுப் பிள்ளைகளோடு பழக விரும்புகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த 61 நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்பாக்களும் அண்ணன்களும் கரையில் இருப்பதால், பிள்ளைகளுக்கென்று ஏற்பாடு செய்த கூட்டத்தில் பெரியவர்களும் வந்து அமர்ந்து கேள்வி கேட்பார்கள். வருமானம் குன்றிய காலமும் அதுவே என்பதை மறவாமல் பேச வேண்டும்.

விசாவும் பிற சான்றுகளும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தியாவின் இ-சுற்றுலா விசாவிலேயே, ஊதியமோ வேறு எந்தக் கைம்மாறோ இல்லாத தன்னார்வப் பணியை அதிகபட்சம் ஒரு மாதம் செய்ய இடம் உண்டு. அதற்கு மேல் தங்கிப் பணியாற்ற விரும்புவோர், இந்தியாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் ஊதியமின்றிப் பணிபுரிவதற்கென்று, அந்த நிறுவனத்தின் பெயரும் இடமும் குறிக்கப்பட்ட வேலைவாய்ப்பு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிறிய படிப்பகங்களால் அதற்கான ஆவணங்களைத் தர இயலாது. வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ, வைத்திருப்போருக்கு விசா தேவையில்லை. ஆயினும் 2021 மார்ச்சில் வெளியான அறிவிக்கையின்படி ஆய்வு, இதழியல், மதப்பரப்புப் பணி போன்றவற்றுக்கு அவர்களும் தனி அனுமதி பெற வேண்டும். கல்லூரி ஆய்வேட்டுக்காகப் பிள்ளைகளிடம் நேர்காணல் எடுக்கும் எண்ணத்தைத் தன்னார்வப் பணியோடு கலந்துவிடாதீர்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் இந்திய அரசின் இ-விசா தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பறிக்கும் தனியார் தளங்கள் உலவுகின்றன.

பணம் தொடர்பான விதி ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெறாத அமைப்புகள் வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து நன்கொடை பெறக் கூடாது. ஓசிஐ அட்டை வைத்திருப்போர் தரும் பணமும் வெளிநாட்டுப் பணமாகவே கருதப்படும். இந்தியக் கடவுச்சீட்டோடு அமெரிக்காவில் வாழ்கிறவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாகத் தந்தால் அது இதில் சேராது. பொருள்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதால், நல்ல எண்ணத்தில் கொண்டுவரும் மடிக்கணினிகள் படிப்பகத்தைச் சிக்கலில் மாட்டிவிடலாம். கேட்காமல் எதையும் வாங்கி வராதீர்கள்.

பிள்ளைகளோடு பழகப்போகிறவர்கள் அமெரிக்காவிலேயே எஃப்பிஐ வழங்கும் குற்றப் பின்னணிச் சான்றைப் பெற்று வந்தால் நாங்கள் மிகவும் மதிப்போம். எங்களில் பலர் கூச்சத்தால் அதைக் கேட்க மாட்டோம். கேளாமலே தருகிறவர்கள்மீது பெற்றோருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

என்ன பேசலாம்

இங்கேதான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி செல்ல வேண்டும். வடசென்னை அமெரிக்காவை அறியாத இடமன்று. வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பியதை இங்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் அறியும். குத்துச்சண்டைக் கூடங்களில் முகமது அலியின் பெயர் வீட்டுப் பெரியவரின் பெயரைப் போலவே உச்சரிக்கப்படுகிறது. அவர் 1980-இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் ஆடியதை நேரில் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்பேத்கர் 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார் என்பது படிப்பகத்துச் சுவரில் படமாகத் தொங்கும் மனிதரின் கதை. உங்கள் பேச்சை இப்படிப்பட்ட கதவுகளில் ஒன்றின் வழியாகத் தொடங்குங்கள்.

எடுத்துக்காட்டாக, அலியின் கதையைக் குத்துச்சண்டையோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச்சேர்க்கையை அவர் 1967-இல் மறுத்தது, அதனால் பட்டத்தையும் ஆடும் உரிமையையும் இழந்தது, 1971-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது ஆகியவற்றைச் சொன்னால், அமெரிக்க நீதிமன்றம், நிறவெறி, மதச் சுதந்திரம் மூன்றும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் விளங்கிவிடும்.

தொழிலாளர் பிரச்சினை இன்னொரு பெருங்கதவு. பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி. பி. வாடியா பின்னாளில் அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1886-இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்தின் நினைவாக உலகம் கொண்டாடும் மே நாளை, இந்தியாவில் முதன்முதலாக 1923-இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். இத்தனைக்கும் அமெரிக்காவில் மே 1 விடுமுறை நாள் அன்று. அங்கே தொழிலாளர் நாள் செப்டம்பர் முதல் திங்கட்கிழமையில் வருகிறது, 1894-இலிருந்து அதுவே கூட்டாட்சி விடுமுறை. சங்கக் கொடி பறக்கும் தெருவில் வாழும் பிள்ளைகளுக்கு இது உடனே வியப்பைத் தரும். ஏன் இப்படி என்று அவர்களே கேட்பார்கள், நீங்கள் விடையைத் தேடி வைத்திருக்க வேண்டும். நீங்களோ உங்கள் பெற்றோரோ வேலை பார்க்கும் இடத்தில் சங்கம் இருக்கிறதா, விடுப்பு எத்தனை நாள், வேலையை விட்டு நீக்குவதானால் எத்தனை நாள் முன்பு சொல்வார்கள் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஒன்றே போதும். காசிமேட்டில் நாள்தோறும் ஐஸ் பாளங்களை உடைத்து மீன் பெட்டிகளில் நிரப்புவதைப் பார்த்து வளர்கிறவர்கள், ஒரு காலத்தில் சென்னைக்கு ஐஸ் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது என்றால் நம்ப மறுப்பார்கள். பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. உங்கள் ஊர் ஏரி உறைந்திருக்கும் படம் ஒன்றை அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். உங்கள் ஊர்க் கடையின் உறைபெட்டியில் இந்திய இறால் பொட்டலம் இருந்தால் அதையும் விலையோடு படம் எடுத்து வாருங்கள். இந்தியா ஏற்றுமதி செய்யும் இறாலுக்கு மிகப் பெரிய சந்தையாக அமெரிக்கா பல்லாண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. கரையில் விற்ற விலையோடு அந்த விலைச்சீட்டை ஒப்பிட்டுக் கணக்குப் போடப் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

அன்றாட வாழ்க்கையில் மூன்று செய்திகளை மட்டும் ஆழமாக ஆயத்தம் செய்யுங்கள் என்று நான் வழக்கமாகச் சொல்வேன்: பள்ளி, மருத்துவம், வேலைக்குச் செல்லும் பெண்கள். பள்ளியைப் பற்றிப் பேசும்போது மஞ்சள் பேருந்தையும் பூட்டுப் பெட்டிகளையும் காட்டுவது இயல்புதான். ஆனால் மதிய உணவு எப்படிக் கிடைக்கிறது என்று சொல்லும்போதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அமெரிக்காவில் 1946-இலேயே தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. இருந்தும் பல மாநிலங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் இலவசமா, குறைந்த விலையா, முழு விலையா என்று முடிவு செய்கிறார்கள். கட்ட முடியாத குடும்பங்களுக்கு உணவுக் கடன் ஏறுகிறது. கலிபோர்னியா 2022-23 கல்வியாண்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கியது. சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் சாப்பிட்டு வளரும் பிள்ளைகளுக்கு, தங்கள் பள்ளியில் இயல்பாக நடக்கும் ஒன்றுக்காக ஒரு பணக்கார நாட்டில் இன்னும் வாதம் நடக்கிறது என்பது புதிய செய்தி. அதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் எவ்வளவு புத்தகத்தை எத்தனை நாள் எடுக்கலாம் என்பதையும் அதே நேர்மையோடு சொல்லுங்கள்; அதைக் கேட்டு இவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

மருத்துவத்தில் ஸ்டான்லி மருத்துவமனையே உங்கள் ஒப்பீடாகட்டும். 108-ஐ அழைத்தால் கட்டணமின்றி ஊர்தி வரும், ஸ்டான்லியில் படுக்க வைப்பார்கள் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம். 911-ஐ அழைத்தபின் உங்கள் வீட்டுக்கு வந்த பில்லையோ காப்பீட்டு அட்டையையோ, பெயரும் எண்ணும் மறைத்துக் காட்டலாம். மறுபுறம், பேறுகாலத்தில் ஒரு நர்ஸ் எவ்வளவு மரியாதையாகப் பேசினார், மாற்றுத்திறனாளிக்குச் சாய்தளம் இல்லாத கட்டடமே ஏன் அரிது என்பவற்றையும் சொல்ல வேண்டும். பெண்கள் கூடும் மகளிர் குழுக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால், மகப்பேறு விடுப்பைப் பற்றிப் பேசுங்கள். அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ளவர்களுக்கு 12 வாரம் ஊதியமில்லாத விடுப்பையே உறுதி செய்கிறது. இந்தியச் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பின் 26 வாரம் ஊதியத்துடன் தருகிறது. ஆனால் வீட்டுவேலைக்குப் போகும் எங்கள் அக்காமார்களுக்கு அந்த 26 வாரம் எட்டுவதில்லை. இந்த மூன்றும் ஒரே மேசையில் வைக்கப்படும்போது நடக்கும் பேச்சு, நாங்கள் ஏற்பாடு செய்யும் கூட்டங்களிலேயே மிகச் சிறந்ததாக அமைகிறது.

பண்டிகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமையில் வரும் நன்றி நாளில் உங்கள் வீட்டில் உண்மையில் என்ன சமைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வான்கோழியோடு ரசமும் இருந்திருந்தால் ரசத்தை விட்டுவிடாதீர்கள்.

வகுப்பை நடத்தும் முறை

ஒரு மாலைக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேச வேண்டாம். எஞ்சிய நேரம் கேள்விகளுக்கும் பிள்ளைகள் உங்களுக்குச் சொல்வதற்கும் உரியது. படவீழ்த்தியை நம்பி வராதீர்கள்: பல படிப்பகங்களில் அது இல்லை, இருந்தாலும் மின்சாரம் நிலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கையில் கொடுத்துச் சுற்றவிடக்கூடிய பொருள்கள் நன்றாக வேலை செய்கின்றன. நாணயங்கள், பள்ளி அட்டவணை, மளிகைக் கடை ரசீது, நூலக அட்டை, பேருந்து வரைபடம், சம்பளச் சீட்டின் மாதிரி, தேர்தலில் வீட்டுக்கு வந்த துண்டறிக்கை ஆகியவற்றைச் சேகரித்து வாருங்கள். ஒரே ஒரு ரசீதை வைத்து ஒரு மாலை முழுவதும் பேசலாம். பால் விலையை ரூபாயில் மாற்றுவதோடு நிறுத்தாமல், கடை ஊழியர் எத்தனை நிமிடம் உழைத்தால் ஒரு காலன் பால் வாங்கலாம் என்று கணக்கிடச் சொல்லுங்கள். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009-இலிருந்து மணிக்கு 7.25 டாலர்தான் என்பதையும், உங்கள் மாநிலத்தில் அது எவ்வளவு என்பதையும் பலகையில் எழுதுங்கள். டாலரை ரூபாயாக மாற்றி மட்டும் சொல்வது பிள்ளைகளுக்குத் தவறான ஆசையை ஊட்டிவிடும்.

தமிழில் பேசுங்கள். உங்கள் தமிழ் தடுமாறினாலும் பிள்ளைகள் பொறுமையாகக் கேட்பார்கள், திருத்தியும் விடுவார்கள். வடசென்னைப் பேச்சை நகலெடுத்துப் பேச முயல வேண்டாம். திரைப்படங்கள் அதைக் கேலிக்குப் பயன்படுத்தியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். தமிழ் அறியாத நண்பரோடு வருகிறவர்கள் மொழிபெயர்ப்பவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அவரோடு ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் உங்களை அக்கா, அண்ணா, மிஸ், சார் என்று அழைப்பார்கள். பெயர் சொல்லி அழைக்கும்படி அவர்களை வற்புறுத்தாதீர்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் அவர்கள் அழைக்காமலே இருந்துவிடுவார்கள். படிப்பகத்தின் மூத்தவர்களை ஐயா, அம்மா என்று நீங்கள் அழைப்பதும் அதே காரணத்தால் முறையானது.

ஒவ்வொரு மாலையிலும் பாதி நேரம் பிள்ளைகள் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டும். கேரம் பலகையில் அமர்த்தி ஆடச் சொல்வார்கள், கானா பாடுவார்கள், கால்பந்து மைதானத்துக்கு இழுத்துப்போவார்கள். மறுக்காதீர்கள். இராயபுரம் இரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது, தென்னிந்தியாவின் முதல் நிலையம் அதுவே என்று சொல்லி அங்கே அழைத்துப்போகப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அந்த நடையின்போது கேட்கும் கேள்விகள் வகுப்பறையில் வருவதில்லை.

கடினமான கேள்விகள்

துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே நம்மவர்கள் சாதி பார்க்கிறார்களா என்று கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் விடை ஆயத்தமாக இல்லாதவர் வரவே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இவை முக்கியமானவை.

அமெரிக்கப் பள்ளியில் படித்த இளைஞர்கள், துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தால் கதவைத் தாழிட்டு விளக்கை அணைத்து ஒளிந்துகொள்ளும் பயிற்சியைத் தாங்களே செய்திருப்பார்கள். அதைப் பெரிய பிள்ளைகளிடம் அமைதியாகச் சொல்லலாம், சிறியவர்களிடம் வேண்டாம். நிறத்தைப் பற்றிய கேள்விக்கு மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நல்ல தொடக்கமாகும். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள்கள் ஒரு நகரத்தின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள் என்பதை, எந்த இருக்கையில் யார் உட்காரலாம் என்ற படம் வரைந்து விளக்கினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். அதை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு இன்றைய நிலையை, நீங்கள் கண்ட அளவில், உங்கள் வகுப்பில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்ற அளவில் சொல்லுங்கள்.

சாதியைப் பற்றிய கேள்வியைத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார்கள். அம்பேத்கர் படத்தின் கீழ் அமர்ந்து கேட்கும் ஒரு பெண்ணிடம், அதெல்லாம் அங்கே கிடையாது என்று சொல்வது அவளை அவமதிப்பதாகும். சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அப்படிச் செய்த முதல் அமெரிக்க நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். இவ்வளவு நடந்திருக்கிறது என்றால் அங்கே என்ன நிலை என்பதை நீங்கள் விளக்கத்தான் வேண்டும், உங்கள் சொந்த வீட்டில் கேட்ட பேச்சு உட்பட.

இன்னொரு வகைக் கேள்வி எளிதாகத் தோன்றி ஏமாற்றும்: நாங்கள் அங்கே வரலாமா, எவ்வளவு செலவாகும், நீங்கள் உதவுவீர்களா? இதற்கு வாக்குறுதி எதையும் தராதீர்கள். பார்க்கலாம் என்று நீங்கள் நாகரிகத்துக்காகச் சொல்லும் ஒரு சொல்லை, ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். மேற்படிப்பில் உண்மையான ஆர்வமுள்ளவரை, அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையத்துக்கு அனுப்புங்கள். சென்னையிலும் அது உண்டு. தரகரிடம் பணம் கொடுக்கும் முன் அங்கே போகச் சொல்வதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. உங்கள் சொந்தக் கல்விக் கடன் எவ்வளவு, இன்னும் எத்தனை ஆண்டு கட்ட வேண்டும் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பும் படங்களும்

எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்க வேண்டாம். பொறுப்பாளர் இல்லாமல் வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம். பிள்ளைகளின் கைப்பேசி எண்ணை வாங்க வேண்டாம். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி உங்களிடம் சொன்னால், அதை ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்களிக்காமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது.

படம் எடுப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். குறுகிய சந்துகளையும் குப்பை மேட்டையும் பின்னணியாக வைத்து எடுத்த படங்களைப் பார்த்து மனம் நொந்த தாய்மார்களை நான் அறிவேன். தன் மகள் நல்ல உடை உடுத்திச் சிரித்தபடி இருக்கும் படத்தைத்தான் எந்தத் தாயும் விரும்புவார். அதை எடுத்து அச்சிட்டு அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள்.

தங்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ நேராக ஓடுகிறது, ஆகவே நகரத்தின் எந்தப் பகுதியில் உறவினர் வீடு இருந்தாலும் வந்து போகலாம். குடிநீரை மட்டும் உடன் கொண்டுவாருங்கள். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றிப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அழைத்து மீன் குழம்பு ஊற்றினால் மறுக்காமல் சாப்பிடுங்கள். சைவம் என்றால் முதல் நாளே பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டால், அழைக்கிற வீட்டுக்குத் தர்மசங்கடம் இராது.

ஊர் திரும்பிய பின்

நீங்கள் பயன்படுத்திய பாடக் குறிப்புகளை, பிள்ளைகள் கேட்ட கேள்விகளோடு சேர்த்து எழுதிப் படிப்பகத்தில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அடுத்து வருகிறவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் மஞ்சள் பேருந்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. விடை சொல்ல முடியாமல் போன கேள்விகளுக்கு ஊருக்குப் போய் விசாரித்து எழுதுவதாகச் சொல்லியிருந்தால், அதை ஒரு மாதத்துக்குள் செய்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை வகுப்பில் உரக்கப் படிப்போம்.

காணொளி வழியாகத் தொடர விரும்புகிறவர்களுக்குச் சனிக்கிழமை மாலை ஆறரை மணி எங்களுக்கு ஏற்றது. அது நியூயார்க்கில் கோடைக்காலத்தில் காலை 9 மணி, குளிர்காலத்தில் 8 மணி. கலிபோர்னியாவில் காலை 6 மணி அல்லது 5 மணி. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே கடிகாரம் மாறுவதை முந்தைய வாரமே எங்களுக்கு நினைவூட்டிவிடுங்கள், பிள்ளைகள் ஒரு மணி நேரம் காத்திருக்க நேராது.